லிஃப்ட்காரர் வீட்டு வண்டியும் ஒரு நீலத் தாளும்

பல்செட்டு அக்கா என்றால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். பல் டாக்டர்களுக்குச் செட்டு செய்து அனுப்பும் ஒரு லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. எதிரே வருகிறவர் சிரித்தால் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், அக்கா பல்லைப் பார்ப்பாள். மூன்றாம் மாடிக்காரர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை துறுதுறுக்கும். கீழ்ச்செட்டு ஒரு பக்கம் தூக்கல் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். கேட்காமல் போய்ச் சொல்ல முடியுமா, அதனால் வாயை மூடிக்கொண்டு மாடியேறிவிடுவாள்.

அந்தத் தொழிலில் ஒரு நீலத் தாள் உண்டு. மேல்செட்டும் கீழ்ச்செட்டும் பொருந்துகிறதா என்று பார்க்க, நடுவில் அந்த மெல்லிய தாளை வைத்துக் கடிக்க விடுவார்கள். எந்தப் பல் தூக்கலாக இருக்கிறதோ அதில் நீலப் புள்ளி விழும். அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த நீலம் விரலில் ஒட்டினால் லேசில் போகாது. அக்கா வீட்டுத் துண்டில் நீலம், டீ கப்பின் பிடியில் நீலம், ஃபிரிட்ஜ் கதவில் நீலம். அவள் புருஷன் முதல் வருஷம் முணுமுணுத்தார். பிறகு அதுவும் வீட்டுச் சுவரின் ஒரு நிறம் என்று விட்டுவிட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் கறுப்பு கிரீஸ், பேச்சில் எப்போதும் நிதானம், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அந்த ஒரு விஷயம் கார்.

அவருடைய முதல் கார் திருடு போனது. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே நான்கு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் ஓடினார், ஒன்றரை மணி நேரம் போராடி நாலு பேரையும் வெளியே எடுத்தார், கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வண்டி நின்ற இடத்தில் வெறும் எண்ணெய்க் கறை இருந்தது. நல்ல காரியம் பண்ணின அன்றைக்குத்தானா இப்படி என்று மனுஷன் நொறுங்கிப்போனார். மூன்று வருஷம் கழித்து இன்னொரு பழைய காரை வாங்கியபோது, இதையாவது ஒருத்தன் தொட்டுப் பார்க்கட்டும் என்று மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டார்.

கடையில் விற்கிற பூட்டெல்லாம் அவருக்கு ஆகாது. கடையில் வாங்கினால் அது திருடனுக்கும் தெரிந்திருக்கும் என்பது அவர் கட்சி. எல்லாம் சொந்தத் தயாரிப்பு. கழற்றிப் போட்ட லிஃப்ட் கதவிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை வளைத்து, ஸ்டீரிங்கையும் பிரேக் மிதியையும் சேர்த்துக் கட்டிப் பூட்டினார். எல்லாக் கண்ணாடியிலும் வண்டி நம்பரைச் செதுக்க வேண்டும் என்றார். அதைச் செய்தது அக்காதான். லேபிலிருந்து சின்ன டிரில்லைக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பல்லில் கோடு போடுகிற நறுவிசோடு செதுக்கினாள். பக்கத்தில் நின்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் அச்சு மாதிரி இருக்கு என்று நாலு தடவை சொன்னார். அவர்கள் இருவரும் மிகச் சந்தோஷமாக இருந்த நாள்களில் அதுவும் ஒன்று.

அதோடு விட்டாரா? டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்றை வைத்தார், அலாரம் இருப்பது போல மினுக்க. அது பழைய லிஃப்ட்டில் இருந்து எடுத்த விளக்கு, ஆகவே மேலே போகும் அம்புக்குறிதான் மினுங்கும். இந்தக் கார் எப்போது மாடிக்குப் போகும் என்று தெருவில் கேலி பேசினார்கள். சாவியிலிருந்து சிக்னல் கசியுமாம், அதைப் பிடித்துத் திருடுகிறார்களாம் என்று எங்கோ படித்துவிட்டு வண்டிச் சாவியையும் கம்பிப் பூட்டின் சாவியையும் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினார். அந்தப் பழைய வண்டிச் சாவிக்குச் சிக்னல் என்று ஒன்று கிடையவே கிடையாது. அக்கா அதைச் சொல்லவில்லை. டப்பாவில் சாவி இருந்தால் தொலையாமலாவது இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ரகசிய ஸ்விட்ச். பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரை வெட்டி நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் போட்டிருந்தார். அதை அணைத்துவிட்டால் வண்டி கிளம்பும், ஒரு நிமிஷம் ஓடும், தெருமுனையில் நின்றுவிடும். திருடன் நடுத்தெருவில் முழிப்பான். அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும், மாதம் இரண்டு தடவை இடத்தையும் மாற்றுவார். வண்டியை நிறுத்தியதும் அக்காவை முதலில் இறக்கிவிடுவார். அவள் பையோடு சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க, அவர் உள்ளே குனிந்து என்னவோ செய்துவிட்டு வருவார். பெண்டாட்டியிடம் கூடவா என்று ஒரு நாள் கேட்டதற்கு, இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது ரகசியமே இல்லை என்றார். அவளுக்கென்ன, அவளா ஓட்டப் போகிறாள்?

அந்தக் கேள்வியில்தான் ஒரு முள் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட்காரர் அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் நாள் அவள் மதில் சுவரில் ஒரு உரசு உரசினாள். குடியிருப்பில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னார்: "உனக்கு வண்டி வராது. விட்டுடு." கோபமாகக் கூடச் சொல்லவில்லை, ரிப்பேர் ஆகாத மோட்டாரைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் அவளுக்கு உறைத்தது. நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் அந்த வாக்கியம் உள்ளே கிடந்தது.

இப்போது லேப் இடம் மாறப் போகிறது. ஊருக்கு வெளியே, மேம்பாலம் தாண்டி, பொட்டல் வெளியில் புதுக் கட்டடம். பஸ் கிடையாது. வரமுடியாதவர்கள் அடுத்த இரண்டு மாதத்துக்குள் சொல்லிவிடலாம் என்று முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மெழுகு வார்க்கும் பெண் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அக்காவுக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து தேய்ந்த ஸ்டூல் அது. பல்லே இல்லாமல் குழறிக்கொண்டு வந்தவர்கள் அவள் செய்த செட்டைப் போட்டுக்கொண்டு வாய் நிறையப் பேசிப் போயிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

லிஃப்ட்காரரிடம் சொன்னதும், அதற்கென்ன, நானே கொண்டுவிட்டுக் கூட்டி வருகிறேன் என்றார். மனசாரத்தான் சொன்னார். ஆனால் எந்த லிஃப்ட் எப்போது எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? பத்து நாள் நடக்கும், பதினோராம் நாள் அவள் பொட்டல் வெளியில் கேட்டுப் பக்கம் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவுக்கு அது வேண்டாம். அவளே ஓட்டிப் போக வேண்டும், அவளே ஓட்டி வர வேண்டும். லைசென்ஸ் கையில் வந்த பிறகு அவர் முன்னால் போட வேண்டும். அதுவரை மூச்சு விடக்கூடாது.

கைகொடுத்தவள் நாத்தனார். லிஃப்ட்காரரின் தங்கை, பார்சல் வேன் ஓட்டுகிறவள். மரம் விழுந்து வழி அடைத்த சந்தில்கூட வேனைப் பின்னாலேயே கொண்டுவந்துவிடுவாள், அப்படி ஒரு கை. அண்ணன் பூட்டிய வண்டியைத் திருட்டுத்தனமாக எடுப்பது என்றதும் அவளுக்குக் குஷி தாங்கவில்லை. பழகுநர் உரிமம் எடுத்தாயிற்று, தேர்வு நாளும் குறித்தாயிற்று, நடுவில் எட்டுச் சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில் லிஃப்ட்காரர் கம்பெனி வேனில் போய்விடுவார், மத்தியானம்தான் வருவார். அந்த நேரத்துக்குள் எடுத்து, ஓட்டி, அதே இடத்தில் அதே மாதிரி வைத்துவிட வேண்டும்.

முதல் சனிக்கிழமை வண்டி கிளம்பவே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு ஃபியூஸைக் காணோம். மனுஷன் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். அடுத்த வாரம் அக்கா உதிரிபாகக் கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். இந்த முறை வண்டி கிளம்பியது, தெருமுனைவரை ஜம்மென்று போனது, நின்றது. ரகசிய ஸ்விட்ச். பின்னால் ஹாரன் சத்தம். இரண்டு பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் வாரம் முழுக்கத் தேடினார்கள். மிதிக்குக் கீழே, டாஷ்போர்டுக்குப் பின்னால், தரை விரிப்புக்கு அடியில், தலைகீழாகத் தொங்கிப் பார்த்தும் கிடைக்கவில்லை. "எங்கண்ணன் மனசுல இருக்கிறதையே கண்டுபிடிச்சிடலாம் அண்ணி, இதை முடியாது போலிருக்கே" என்றாள் நாத்தனார். எட்டில் மூன்று போய்விட்டது.

திங்கட்கிழமை லேபில் ஒரு செட்டை வைத்து நீலப் புள்ளியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. எந்த இடம் தொடுகிறது என்று தெரியவேண்டும், அவ்வளவுதானே. இதைத்தானே இருபத்திரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

அடுத்து இருவரும் சாமான் வாங்கப் போன சாயங்காலம், வழியில் அவர் பெட்ரோல் போட இறங்கிய நேரத்தில், ஹேண்ட்பிரேக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் நீலத் தாளை அழுத்தி நாலு தடவை தேய்த்தாள். வீட்டுக்கு வந்து நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அவள் இறங்கிப் பையோடு சுவரைப் பார்த்து நின்றாள். அவர் உள்ளே குனிந்தார், வந்தார். மாடியில் சோப்புப் போட்டுக் கை கழுவியபோது கொஞ்ச நேரம் ஆனது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா அடுப்பங்கரையில் காய்ந்த பாத்திரத்தை மறுபடி துடைத்தாள். கடைசியில் துண்டு எங்கே என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை டார்ச்சோடு இறங்கினாள். அரை நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. பக்கத்துச் சீட்டின் முன் விளிம்புக்கு அடியில், ஒரு நீல விரல் தடம், அதன் மேல் பொட்டு அளவு ஸ்விட்ச். அவள் உட்கார்ந்து வருகிற சீட்டு. காலை ஆட்டியிருந்தால் இடித்திருக்கும். அக்காவும் நாத்தனாரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. மாதம் இரண்டு தடவை ஸ்விட்சை இடம் மாற்றுகிறவர் இந்தத் தடவை மாற்றவே இல்லை. நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள். திரும்ப வைப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. பிளாஸ்டரில் பென்சில் கோடு போட்டே பழகியவள், சீட்டு நகரும் தண்டவாளத்திலும் இரண்டு கோடு போட்டாள்: பின்னால் அவருக்கு, முன்னால் தனக்கு. கண்ணாடி, சீட்டு, சக்கரத்தின் திருப்பம், கம்பிப் பூட்டின் சாய்வு, எல்லாம் நூல் பிடித்த மாதிரி பழைய இடத்துக்குப் போகும். வண்டியும் அவள் கைக்குப் படிந்தது. எட்டாம் சனிக்கிழமை மேம்பாலம் ஏறிப் பொட்டல் வெளிவரை போய், புதுக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தி, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். மனசு அவ்வளவு நிறைவாக இருந்தது.

புதன்கிழமை தேர்வு. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி லேப் மாறின பிறகுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போது, லிஃப்ட்காரர் வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பக்கத்தில் டூல்பாக்ஸைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையில் வயர் துண்டுகள். என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்டாள். "ஒரு சின்ன வேலை. ரொம்ப நாளா பண்ணணும்னு இருந்தேன்" என்றார், தலையை வெளியே எடுக்காமல். அதற்கு மேல் எப்படிக் கேட்பது? மாடிக்குப் போய் நாத்தனாருக்குப் போன் போட்டு, எல்லாம் போச்சு, புதுப் பூட்டு போடுகிறார் என்றாள். ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக்கூடாதா இந்த மனுஷன் என்று அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பழைய வாக்கியமும் கூடவே எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டது.

காலையில் அவர் வழக்கம்போல ஏழு மணிக்குப் போனார். போகும்போது அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார். அக்கா தகர டப்பாவைத் திறந்தாள். வண்டிச் சாவி இல்லை. திரும்பினால் கதவுப் பக்கத்து ஆணியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

நாத்தனாரோடு கீழே இறங்கினாள். கையில் டார்ச், உதிரி ஃபியூஸ், கம்பிப் பூட்டின் சாவி, ஒரு நீலத் தாள். கதவைத் திறந்தால் கம்பி இல்லை. மூடியைத் திறந்தால் ஃபியூஸ் அதன் இடத்தில் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் கை விட்டால் ஸ்விட்ச் இல்லை, வயர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி அழகாக டேப் சுற்றியிருந்தது. எதையோ கண்டுபிடிக்கவேண்டும் என்று பதற்றத்தோடு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே இருந்தாள்.

கால் மிதியில் சரியாகப் பொருந்தியது. நிமிர்ந்தால் கண்ணாடியில் பின்பக்கத் தெரு முழுசாகத் தெரிந்தது. சீட்டை அவள் இழுக்கவில்லை. குனிந்து பார்த்தாள். சீட்டு முன் கோட்டில், அவளுடைய கோட்டில், நின்றது.

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக, "அண்ணனுக்குத் தெரியும்."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. தேர்வுக்குப் போகிற நேரத்தில் அழுகிறாளே என்று நாத்தனார் திட்டி, தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைக்க வைத்தாள். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு நிமிஷம் ஆனது, நிற்கவில்லை. டாஷ்போர்டில் சிவப்பு அம்புக்குறி மட்டும் மேலே போ, மேலே போ என்று மினுக்கிக்கொண்டிருந்தது. அதை அவர் கழற்றவில்லை.

தேர்வதிகாரி சிடுசிடு ஆள். கம்பத்துக்கு நடுவில் பின்னால் விடச் சொன்னார், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். அக்கா இரண்டையும் செய்தாள். இந்த அம்பு எதற்கு என்று கேட்டார். திருடனை ஏமாற்ற என்றாள். முதல் தடவையாகச் சிரித்தார், மேல்வரிசையில் ஒரு பல் ஆடுவது தெரிந்தது. அன்றைக்கு அக்கா இருந்த சந்தோஷத்தில் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டே வந்தாள். காகிதத்தில் தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்தபோது காகிதம் சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. எடுத்துப் படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார். பின்னால் விட்டது எப்படி வந்தது என்று கேட்டார். ஒரே தடவையில் வந்தது என்றாள். எப்போது தெரியும் என்று அவள் கேட்டாள்.

"கை கழுவினேனே, அன்னைக்கே. லிஃப்ட்டுல கறுப்புதான் ஒட்டும். நீலம் நம்ம வீட்டுல மட்டும்தானே இருக்கு, வண்டிக்குள்ள எப்படி வந்தது? அப்புறம் சீட்டுக்கு அடியில பார்த்தா ரெண்டு பென்சில் கோடு."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லலைங்க?"

அவர் உட்கார்ந்து காலணியைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்றைக் கழற்றிவிட்டு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னால உனக்கு வராதுன்னு சொல்லிட்டேன். அதை எப்படித் திருப்பி எடுக்கிறதுன்னு தெரியலை. ஸ்விட்சை இடம் மாத்தாம விட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

பதினோரு வருஷமாக உள்ளே கிடந்தது அந்த நிமிஷமே போய்விட்டது. அக்கா அவர் கையிலிருந்த காலணியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, டீ போடுகிறேன் என்று எழுந்தாள்.

ஆனால் லிஃப்ட்காரர் லிஃப்ட்காரர்தானே. டீயைக் குடித்து முடிப்பதற்குள் கவலை வந்துவிட்டது. வண்டி நாளெல்லாம் பொட்டல் வெளியில் நிற்கும், சுற்றிலும் ஆள் இல்லை, பூட்டு இல்லாமல் எப்படி என்றார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வயரை அவர் நீளமாக விட்டுத் தருவார். ஸ்விட்சை எங்கே வைப்பது என்பது அவள் இஷ்டம், அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அப்படித்தானே சட்டம்?

ஞாயிற்றுக்கிழமை அக்கா வண்டிக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தாள். லிஃப்ட்காரர் வெளியே பையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நடுவில் ஒரு தடவை ஆச்சா என்று கேட்டார். திரும்பக்கூடாது என்றாள்.

முடிந்ததும் அவள் மாடிக்குப் போய்விட்டாள். அவர் சும்மா இருப்பாரா? சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார். கிளம்பியது. ஒரு நிமிஷம் ஓடியது, நின்றது. மிதிக்குக் கீழே பார்த்தார், சீட்டுக்கு அடியில் பார்த்தார், டார்ச்சை எடுத்துப் பார்த்தார். முப்பது வருஷமாக அடுத்தவர் மாட்டிய வயரைக் கண்டுபிடித்துப் பிழைக்கிறவர். முக்கால் மணி நேரம் கழித்து, தலையெல்லாம் தூசியும் முகமெல்லாம் சந்தோஷமுமாக மாடியேறி வந்தார்.

"அந்த நீலத் தாள் ஒண்ணு குடேன்" என்றார்.

"தீர்ந்துபோச்சுங்க" என்றாள் அக்கா.